அண்ணா, ஒரு நிமிஷம்

மதியம் மூன்றரை மணி இருக்கும். பழைய ஆர்டர்களின் நிலையை மாற்றுவதற்கு ஒரு எஸ்க்யூஎல் ஸ்கிரிப்ட் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) எழுதிக்கொண்டிருந்தேன். எந்த ஆர்டர்கள் மாறவேண்டும் என்ற நிபந்தனையில் கிளை எண்ணைப் போட்டாயிற்று, அடுத்தது தேதி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டுத் தம்பி திரும்பினார். "அண்ணா, ஒரு நிமிஷம். பில்ட் ஓட மாட்டேங்குது." பில்ட் என்றால், எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலை. போய்ப் பார்த்தேன். அவர் லேப்டாப்பில் ஜாவா வெர்ஷன் மாறியிருந்தது. நாலே நிமிடத்தில் சரியாகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். தேதியையும் போட்டாகிவிட்டது என்ற நினைப்பிலேயே ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டேன்.

ஒரு மாத ஆர்டர்கள் மட்டும் மாற வேண்டிய இடத்தில், அந்தக் கிளை தொடங்கிய நாளிலிருந்து உள்ள அத்தனை ஆர்டர்களும் மாறின. நல்லவேளை, டெஸ்ட் சர்வர். ஆனால் மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு டெமோ காட்டவேண்டியதும் அதே சர்வரில்தான். பேக்கப்பை எடுத்துப் போட்டு, சரிபார்த்து, கிளம்பும்போது மணி எட்டரை. சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது கணக்குப் போட்டேன்: நாலு நிமிட உதவிக்கு ஐந்து மணி நேரம். அந்தத் தம்பி மேல் தப்பே இல்லை. எந்த இடத்தில் விட்டுவிட்டு எழுந்தேன் என்று நான் குறித்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் ஏழு வருடம் டீம் லீடாக. நேர மேலாண்மை என்று அவ்வப்போது பயிற்சி வைப்பார்கள். நான்கு கட்டம் போட்டு, அவசரம் எது, முக்கியம் எது என்று பிரிக்கச் சொல்வார்கள். எங்கள் டிக்கெட்டெல்லாம், அதாவது எங்களுக்கு வரும் வேலைக் கோரிக்கையெல்லாம், அவசரமும் முக்கியமும் சேர்ந்த முதல் கட்டத்தில்தான் வந்து விழும். அதனால் அந்தப் பயிற்சி எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. டெவலப்பருக்கு மூன்று மணி நேரத்தை ஆறு அரைமணியாக உடைத்துக் கொடுத்தால் அது மூன்று மணி நேரம் ஆகாது. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது, எதில் சந்தேகம் வந்தது, எதைச் சோதித்துத் தள்ளினோம் என்று ஒவ்வொரு முறையும் தலைக்குள் மறுபடி அடுக்கவேண்டும். அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த மீட்டிங் வந்துவிடும்.

ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் புதிய வேலையும் கெடுகிறது என்பது அவர் கண்டது. தாவுவதற்கு முன் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்து முதலில் என்ன செய்யவேண்டும் என்று சுருக்கமாக எழுதிவைத்தால் இந்த ஒட்டல் குறைகிறது என்றும் பின்னாளில் காட்டினார். எனக்கு அது ஐந்து மணி நேரம் செலவழித்த பிறகுதான் புரிந்தது.

இப்போது யார் கூப்பிட்டாலும், "பத்து செகண்ட் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும் வரிக்குக் கீழேயே ஒரு வரி தட்டுவேன். "கிளை எண் போட்டாயிற்று. தேதி இன்னும் இல்லை. ஓட்டாதே." அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் கமெண்ட் குறி போடமாட்டேன், வேண்டுமென்றேதான். குறி இல்லாததால் தவறி ஓட்டினாலும் அந்த வரியில் பிழை அடித்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும். சாயங்காலம் கிளம்பும்போதும் இதே பழக்கம். நிரலைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் கேஸைத் தோற்கும் நிலையிலேயே விட்டுவிட்டுப் போவேன். காலையில் வந்து ஓட்டினால் சிவப்பாக எரிவதுதான் முதல் வேலை. எங்கே தொடங்குவது என்று மெயில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் முழிக்கவேண்டியதில்லை.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். வேலை உடைந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, பக்கத்தில் யாரால் என்று ஒரு சொல். மேலாளரால், டீமால், வீட்டிலிருந்து, என்னால். ஆப் எல்லாம் வேண்டாம், ஆப்பைத் திறப்பதே இன்னொரு இடைஞ்சல். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிக் கோடுகளுக்குப் பக்கத்தில் "நான்" என்று இருந்தது. பெரும்பாலும் பில்ட் ஓடும்போது. பில்ட் மூன்று நிமிடம். சும்மா ஏன் பார்த்துக்கொண்டிருப்பது என்று ஃபோனை எடுப்பேன். கிரிக்கெட் ஸ்கோர், அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப். நிமிர்ந்து பார்த்தால் பதினைந்து நிமிடம் போயிருக்கும். பில்ட் இரண்டாவது நிமிடமே தோற்று நின்றிருக்கும். அடுத்தவரைக் குறை சொல்லப் போனவன் வாயை மூடிக்கொண்டேன்.

செய்த மாற்றங்கள் சின்னவைதான். பில்ட் முடிந்தால் சத்தம் வருகிற மாதிரி வைத்தேன், ஃபோன் பைக்குள் போனது. இன்னொன்றுக்குத்தான் டீமின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. எங்கள் ஸ்டாண்டப், அதாவது தினசரி டீம் மீட்டிங், காலை 11 மணிக்கு இருந்தது. ஒன்பதரைக்கு வந்து, டீ குடித்து, உட்கார்ந்தால் பத்து. பதினொன்றுக்கு மீட்டிங் இருக்கிறதே என்று யாரும் பெரிய வேலையைத் தொடமாட்டார்கள். மீட்டிங் முடிந்தால், சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று அப்போதும் தொடமாட்டார்கள். அதைப் பன்னிரண்டரைக்குத் தள்ளினோம். காலை முழுக்க ஒரே துண்டாகக் கிடைத்தது. கூடவே, அரைமணி இழுத்த ஸ்டாண்டப் பத்து நிமிடத்தில் முடிய ஆரம்பித்தது. எல்லாருக்கும் பசி.

காலை 10 முதல் 12.30 வரை டீமில் யாரும் யாருக்கும் மெசேஜ் அனுப்புவதில்லை. ப்ரொடக்ஷன், அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜ சர்வர், விழுந்தால் ஃபோன் அடிக்கலாம். ஃபோன் அடித்தால் நெருப்பு என்று அர்த்தம். ஒரே ஒரு விதிவிலக்கு, புதிதாகச் சேர்ந்தவர்கள். "இருபது நிமிஷம் நீயே முயற்சி பண்ணு, என்னென்ன செய்து பார்த்தாய் என்று எழுது, அப்புறம் வந்து கேள்" என்பேன். அந்த "அப்புறம் வந்து கேள்" என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். இல்லையென்றால் கேட்கப் பயந்துகொண்டு, சாயங்காலம் வரை ஒரே பிழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானே அப்படி உட்கார்ந்தவன்தான்.

இருபத்தைந்து நிமிட டைமர் வைக்கும் பொமோடோரோ முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரான்செஸ்கோ சிரிலோ 1980-களின் பிற்பகுதியில், மாணவராக இருக்கும்போது தனக்காக உண்டாக்கிக்கொண்டது. மெயில், டாக்குமெண்ட் மாதிரி சோம்பல் தரும் வேலைகளுக்கு அருமை. நிரலில் பிழை (பக்) தேடும்போது எனக்கு ஒத்துவரவில்லை. முடிச்சு அவிழப்போகும் நேரத்தில்தான் மணி அடிக்கும்.

அடுத்தது, கையில் எத்தனை டிக்கெட் வைத்திருப்பது. மூன்று பேர் மூன்று வேலை கேட்கிறார்கள், ஒவ்வொன்றும் இரண்டு நாள் வேலை. யார் மனமும் நோகக்கூடாது என்று தினம் ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்கிறோம். முதல் வேலை 4-ஆம் நாள் முடியும், இரண்டாவது 5-ஆம் நாள், மூன்றாவது 6-ஆம் நாள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்திருந்தால் 2, 4, 6. மூன்றாமவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மற்ற இருவருக்கும் சீக்கிரமே கிடைத்திருக்கும். இத்தனைக்கும், மாறி மாறித் தாவுவதில் கரையும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கை ஒயிட்போர்டில் போட்டுக் காட்டியதற்கு அப்புறம் எங்கள் மேலாளர் "எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பாருங்க" என்று சொல்வதை விட்டுவிட்டார். ஒரு மாதம் வரைக்கும்.

எஸ்டிமேட்தான் பெரிய தலைவலி. "எவ்வளவு நாள் ஆகும்?" "ரெண்டு நாள்." அந்த ரெண்டு நாளில் நிரல் எழுதுவது மட்டும்தான் நம் மனக்கண்ணில் தெரியும். ரிவ்யூவுக்குக் காத்திருப்பது, அதில் வரும் திருத்தங்கள், டெஸ்டிங்கில் திரும்பி வருவது, டெப்ளாய்மெண்டுக்கு (நிஜ சர்வரில் ஏற்றுவதற்கு) அனுமதி வாங்குவது எதுவும் தெரியாது. நாம் மட்டும் இப்படி இல்லை. 1994-ல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். எல்லாமே சொதப்பும் என்று போட்ட கணக்கும் போதவில்லை.

அதனால் என் நோட்டில் இப்போது டிக்கெட் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு எண் இருக்கும்: சொன்னது, ஆனது. பத்துப் பதினைந்து டிக்கெட் சேர்ந்தால் நம் குணம் தெரிந்துவிடும். நான் சொல்வதைவிட ஒன்றேமுக்கால் மடங்கு ஆகிறது. வருடக்கணக்காக அந்த எண் அசையவில்லை. நான் திருந்தவும் இல்லை. மனத்தில் முதலில் தோன்றுவதை ஒன்றேமுக்காலால் பெருக்கிச் சொல்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், "இதுக்கு ஏன் நாலு நாள்?" என்ற கேள்விக்குக் கோபம் இல்லாமல் பதில் சொல்ல முடிகிறது. திடீரென்று நடுவில் ஒரு வேலை வந்தால் "முடியாது" என்று சொல்வதில்லை. "எடுத்துக்கறேன், இதுல எதைத் தள்ளி வைக்கட்டும்?" என்று பட்டியலை நீட்டுவேன். பல முறை, புதிய வேலை கொண்டுவந்தவரே "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று போய்விடுகிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்கால டெப்ளாய்மெண்ட் பற்றி எழுத ஒன்றும் இல்லை. செய்யாதீர்கள்.

கடைசியாக, ராத்திரி கான்ஃபரன்ஸ் கால். எங்கள் வாடிக்கையாளர் இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அவர்களின் காலை 10 மணி மீட்டிங் நமக்கு இரவு 7.30. நவம்பரின் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்தால் வித்தியாசம் பத்தரை மணி நேரமாகும். அதே மீட்டிங் நமக்கு 8.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே ஓடும். எங்கள் வீட்டில் எட்டரை என்பது மகளுக்குச் சோறு ஊட்டும் நேரம். ஆறு குளிர்காலம் காதில் ஹெட்செட்டும் மியூட்டுமாக ஊட்டினேன். வாடிக்கையாளர் விஷயம், கேட்கக்கூடாது என்று நானாகவே முடிவு பண்ணியிருந்தேன். ஏழாவது வருடம் அக்டோபர் கடைசியில், நவம்பர் முதல் மார்ச் வரை உங்கள் நேரம் 9 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு வரி மெயில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் சரி என்று பதில் வந்தது. கூடவே ஒரு வரி: இந்தியாவிலும் கடிகாரத்தைத் திருப்பிவைப்பீர்கள் என்றுதான் அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம்.