பந்து போனால் போகட்டும்: சுப்பீரியர் ஏரிக் கரைக்கு வெளிக்கிடுபவர்களுக்கு

ஆகஸ்ட் லோங் வீக்கெண்ட், சனிக்கிழமை பின்னேரம். கோடையில் நான் போய் வேலை செய்யும் வடக்கு ஒன்ராறியோவின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவு வாசலில் ஒரு மினிவான் வந்து நின்றது. உள்ளே இருந்தவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். நாற்பது தாண்டிய, நல்ல உடற்கட்டான மனிதர். நனைந்த ஜீன்ஸ், அதன்மேல் நனைந்த துவாய். ஓடிக்கொலோன் மணம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. வழி முழுக்க கையையும் காலையும் ஓடிக்கொலோன் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

நான் தமிழில் கதைத்ததும் அவருடைய மனைவி அழத் தொடங்கிவிட்டார். கணவர் சிரிக்கப் பார்த்தார். "நான் ஊரில கடல்ல நீந்தினவன், டொக்டர்" என்றார். நாக்குத் தடித்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஜீன்ஸைக் கழற்றச் சொன்னேன். விரல்கள் பொத்தானில் போய் முட்டின, பிடிக்க முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். உடல் வெப்பம் 33.4 பாகை.

நடந்தது இதுதான். மகனுடைய காற்றடைத்த மிதவையைக் காற்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இருபது அடி தூரம்தானே என்று இவர் பின்னால் நீந்தியிருக்கிறார். மிதவை இவரைவிட வேகமாகப் போயிருக்கிறது. ஒருவாறு எட்டிப் பிடித்தபோது திரும்பி நீந்தக் கையில் பலம் இல்லை. அதைக் கட்டிப்பிடித்தபடி அரை மணித்தியாலம் கிடந்தவரை, அந்தப் பக்கமாக வந்த இரண்டு கயாக் படகுக்காரர்கள் இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். பிறகு ஈர உடுப்போடு ஐம்பது நிமிடக் கார்ப் பயணம். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். போக முன் அவர் சொன்ன ஒரு விஷயத்தால்தான் இதை எழுதுகிறேன். "மூன்று நாளில எல்லாம் பாத்து முடிக்க வேணும் எண்டு அட்டவணை போட்டு வந்தனாங்கள்" என்றார். அவசரப் பிரிவில் நான் பார்க்கும் சுப்பீரியர் கரைக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு அட்டவணை இருக்கிறது.

முதலில் இந்தத் தண்ணீரைப் பற்றி. ஏரி என்றதும் நமக்கு இரணைமடுக் குளம் மாதிரி ஒன்று மனதில் வருகிறது. சுப்பீரியரின் பரப்பு 82,100 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதும் சேர்த்தே 65,610தான். ஆகக்கூடிய ஆழம் 406 மீற்றர். 1975 நவம்பர் 10ஆம் திகதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய சரக்குக் கப்பல் புயலில் மாட்டி 29 பேரோடும் மூழ்கியது இங்கேதான். இந்த அளவு தண்ணீரைச் சூடாக்க ஒரு கோடை போதாது. வெயில் காய்ந்து கரையில் 28 பாகை இருக்கிற யூலை நாளிலும், குடாவைத் தாண்டிய திறந்த நீர் 10 பாகைக்குக் கீழே இருக்கலாம். கத்தரின் கோவ் போன்ற ஆழமற்ற மணல் குடாக்களில் கால் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். அதுதான் ஏமாற்றுகிறது.

காற்றும் ஏமாற்றும். நிலத்திலிருந்து ஏரிக்குள் வீசும் காற்றைக் கரையில் நிற்பவர் உணர்வதே இல்லை, பின்னால் உள்ள மரங்கள் மறைத்துவிடும். தண்ணீரும் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும். ஆனால் அந்தக் காற்று மேலே உள்ள சூடான நீரை வெளியே தள்ள, அடியிலுள்ள குளிர்நீர் கரைக்கு ஏறி வரும். நேற்றுப் பிள்ளைகள் ஆசையாகக் குளித்த இடத்தில் இன்றைக்கு ஐந்து பத்து பாகை குறைந்திருப்பது இங்கே அதிசயம் இல்லை. காற்றடைத்த எதுவும் அந்தக் காற்றில் பாய்மரம்தான். சோழகம், வாடை என்று காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போன ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள், இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் விடுமுறை என்று வந்துவிட்டால் அந்த அறிவை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வருகிறோம்.

குளிர்நீரில் விழுந்தவருக்கு உடம்பில் நடப்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் மூன்று எண்களாகச் சுருக்கினார்: 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு. குளிர் பட்டதும் உங்களைக் கேட்காமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும், பிறகு நாய் இளைப்பது மாதிரி இளைக்கும். அந்த முதல் இழுப்பின்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடியலாம். அடுத்த 10 நிமிடம் கைகால். உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்றுவதற்காகக் கைகாலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. நீந்தத் தெரிந்தவரும் இந்த நேரத்தில்தான் நீந்த முடியாமல் போகிறார். அதற்குப் பிறகு, உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணித்தியாலம்.

நம்மவர்கள் பயப்படுவது கடைசி எண்ணுக்கு. ஆட்களைக் கொண்டுபோவது முதல் இரண்டும். கீரிமலைக் கேணியில் தலைகீழாகக் குதித்துப் பழகியவருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் சலுகை இல்லை. லைஃப் ஜாக்கெட் உங்களுக்காக நீந்தப்போவதில்லை, அந்த முதல் நிமிடத்தில் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும். பெட்டியில் இருக்கும் ஜாக்கெட்டைத் தண்ணீருக்குள் விழுந்த பிறகு மாட்ட முடியாது என்பதை அந்த ஜீன்ஸ் பொத்தானே சொல்லும். விழுந்துவிட்டால் நீந்த அவசரப்படாதீர்கள். மூச்சு ஒழுங்காகும் வரை மிதந்து, பிறகு எது கிட்டவோ அதை நோக்கிப் போங்கள்.

அந்த மினிவானில் வந்தவர்கள் அன்பால் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். ஈர உடுப்பைக் கழற்றவில்லை. "ஆக்கள் முன்னால எப்பிடி?" என்று கேட்டார் மனைவி. மூன்று பேர் போர்வை பிடித்தால் போதும். தேய்த்தார்கள். குளிர்ந்த தோலுக்கு அது காயம், உடல் மிகவும் குளிர்ந்திருந்தால் அசைப்பதே இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். ஓடிக்கொலோன் ஆவியாகும்போது உடம்பிலிருந்து இன்னும் சூட்டை எடுக்கும். பிராந்தியும் வேண்டாம், சுடுதண்ணிக் குளிப்பும் வேண்டாம். செய்ய வேண்டியது: படுக்க வைத்து, ஈரத்தை அகற்றி, துடைக்காமல் ஒற்றியெடுத்து, தலை உட்பட உலர்ந்ததால் சுற்றி, அக்குளிலும் நெஞ்சிலும் துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல். தெளிவாகக் கதைத்து, விழுங்கக்கூடியவராக இருந்தால் சீனி கூடப்போட்ட தேத்தண்ணி. அரை மணித்தியாலமாவது நடக்க விடாதீர்கள். நடுக்கம் நின்று, ஆள் குழம்பிக் கதைத்தால் சுகம் வருகிறது என்று நினைக்கக்கூடாது. 911 கூப்பிடுகிற நேரம் அதுதான்.

கூப்பிட ஃபோன் வேலை செய்தால். சூ செயிண்ட் மரி நகரிலிருந்து வாவா என்ற ஊர் வரை நெடுஞ்சாலை 17 சுமார் 225 கிலோமீற்றர், அதில் பல இடங்களில் சிக்னல் இல்லை. 1960இல்தான் இந்தத் துண்டுக்குச் சாலையே திறந்தது. இன்றைக்கும் பெற்றோல் நிலையங்களுக்கு இடையே தூரம் அதிகம். வரைபடத்தை முதலே ஃபோனில் இறக்கிவையுங்கள். செய்மதி வழியாக அவசர உதவி கேட்கும் வசதி ஐஃபோன் 14இலிருந்து இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டிலிருந்தே பழகிப் பாருங்கள். எந்தப் பாதைக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஸ்கார்பரோவில் இருக்கிற ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். மாமிக்குக் கொடுத்தால் நல்லது, அரை மணித்தியாலம் பிந்தினாலே தேடத் தொடங்கிவிடுவா.

இனி அட்டவணை. ரொறன்ரோவிலிருந்து சூ வரை 700 கிலோமீற்றர். அங்கிருந்து சுப்பீரியர் மாகாணப் பூங்காவின் அகாவா பே முகாமுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். வெள்ளி இரவு வேலை முடித்து, விடிய விடிய ஓட்டி, சனி மத்தியானம் கூடாரம் அடித்து, பின்னேரம் அகாவா பாறை, ஞாயிறு ஓல்ட் வுமன் பே, திங்கள் திரும்பல். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் திட்டம் கிட்டத்தட்ட இதுதான். நித்திரையில்லாமல், மூஸ் என்ற பெரிய காட்டு விலங்கு நடமாடும் சாலையில் ஓட்டுவது முதல் ஆபத்து. மூஸின் உயரத்துக்குக் கண்கள் ஹெட்லைட் ஒளிக்கு மேலே நிற்கும், இருட்டில் மான் மாதிரி மின்னாது. சூவில் ஒரு இரவு தங்குங்கள்.

இரண்டாவது ஆபத்து அந்த அகாவா பாறை. இந்தப் பகுதிப் பழங்குடிகளான ஓஜிப்வே மக்கள் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் ஏரியை நேரே பார்க்கும் செங்குத்துப் பாறையில் இருக்கின்றன. தோணி இருக்கிறது, பாம்பு இருக்கிறது, கொம்பும் முதுகு முள்ளும் வைத்த மிஷிபெஷு இருக்கிறது. தண்ணீரைக் கலக்கிப் புயல் எழுப்பும் பெரும் பூனை அது. ஓஜிப்வே மக்கள் புகையிலை படைத்துவிட்டுத்தான் போவார்கள். வள்ளம் தள்ள முன் கற்பூரம் காட்டுகிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பார்ப்பதற்கு, தண்ணீரை நோக்கிச் சரிந்த ஒரு ஒடுங்கிய பாறைப்படியில் நடக்க வேண்டும். அமைதியான நாளிலும் திடீரென்று பெரிய அலை ஒன்று வரலாம் என்று பூங்காக்காரர்களே எச்சரிக்கிறார்கள். விழுந்தவர் பிடித்து ஏறுவதற்கென்று அங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள் என்றால் இடம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

அதனால் "அகாவா பாறை, சனி 3 மணி" என்று எழுதாதீர்கள். ஐந்து இரவு எடுத்து, ஒரே முகாமில் தங்கி, பாறையை எந்த நாளுக்கும் எழுதாமல் விடுங்கள். பெரும்பாலும் காலையில் ஏரி அமைதியாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறும். தினமும் காலையில் முன்னறிவிப்பைப் பார்த்து, அகாவா பே பார்வையாளர் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டு, சரியென்றால் போங்கள். அட்டவணையில் ஒரு நாளாவது வெறுமையாக இருக்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்திட்டம், பாக்காமல் போறதோ?" என்ற கேள்வி எழும்போது "நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்ல அந்த வெறும் நாள்தான் இடம் தரும். நாளை இல்லாதவர்கள்தான் அலை இருந்தும் இறங்குகிறார்கள்.

முகாம் இடத்தை ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம், காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் 1க்கு மார்ச் 1 அன்று எழும்பி இருக்க வேண்டும். மே நடுவிலிருந்து யூன் முடிவுவரை கறுப்பு ஈ பிய்த்தெடுக்கும், பிள்ளைகளோடு போகாதீர்கள். யூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை நல்லது.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். நான் அதிகம் பார்ப்பது கணுக்கால் முறிவு, ஈரப் பாறையில் ரப்பர் செருப்பு. நனைந்தால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும் பாறைகள் இவை, கணுக்கால் மூடும் சப்பாத்து வேண்டும். மழை பெய்கிறதென்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. கரடிக்காக இறைச்சிப் பெட்டியை மட்டுமல்ல, பல்தூரிகைப் பசையையும் காரில் பூட்டுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், நம் சனத்தில் அது கூட. அறுபதைத் தாண்டிய ஒரு ஐயா, குளிருக்காக முகாம் நெருப்பருகே காலை நீட்டிக்கொண்டு இரவு முழுக்கக் கதைத்திருக்கிறார். கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியவில்லை. காலையில் மேஸைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. உணர்வு குறைந்த கால் என்றால் நெருப்பிலிருந்து கதிரையைத் தள்ளிப் போடுங்கள், தண்ணீருக்குள்ளும் சப்பாத்தோடு இறங்குங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், ஐஸ் கட்டியில் நேரே படவும் விடாதீர்கள். மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைக் காரிலேயே, போகும் வழியிலேயே சொல்லுங்கள்: பந்து தண்ணீருக்குள் போனால் போகட்டும். அப்பா எடுக்கப் போகமாட்டார், திரும்பிப் போகும்போது வேறு வாங்கலாம். இதை முதலே சொல்லாவிட்டால், அழுகிற பிள்ளையின் முன்னால் எந்தத் தகப்பனாலும் கரையில் நிற்க முடியாது. காற்றடைத்த மிதவைகளைக் கொண்டே போகாமல் விட்டால் இன்னும் நல்லது. அந்த மினிவான் குடும்பத்திடம் மிதவை என்ன விலை என்று கேட்டேன். பன்னிரண்டு டொலராம்.

நான் இரண்டு தடவை அகாவா பேக்குப் போயும் அந்த ஓவியங்களை இன்னும் பார்க்கவில்லை. முதல் தடவை நான்கு நாளும் அலை. இரண்டாம் தடவை மழை, பாறை ஈரம். கூடாரத்துக்குள் இருந்து தாயம் விளையாடினோம், மகள் எல்லாரையும் வென்றாள். வரும் ஆகஸ்டுக்குப் பதிவு செய்தாயிற்று, ஐந்து இரவு.