ஸ்பீச் சிந்தசிஸ்: பேச்சுத் தொகுப்பா, பேச்சாக்கமா?

1982-இல் மேட்டல் நிறுவனம் தன் இன்டெலிவிஷன் வீடியோ கேம் பெட்டிக்கு இன்டெலிவாய்ஸ் என்றொரு துணைக்கருவியைக் கொண்டுவந்தது. அதற்கென்றே வெளிவந்த ஒருசில ஆட்டங்களில் ஒன்று 'பி-17 பாம்பர்'. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஐரோப்பாவில் குண்டு போட்டுத் திரும்ப வேண்டும். தொடங்கியதுமே அமெரிக்கத் தென்மாநில இழுவையில் ஒரு குரல் ஆட்டத்தின் பெயரை அறிவிக்கும். பறக்கும்போது எதிரி விமானம் எந்தப் பக்கம் வருகிறது என்பதைக் கடிகாரக் கணக்கில் சொல்லும்: நேர் எதிரே என்றால் பன்னிரண்டு மணி, வால் பக்கம் என்றால் ஆறு மணி. காதைத் தீட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும்.

இப்படிக் கருவி பேசுவதைத்தான் ஸ்பீச் சிந்தசிஸ் என்கிறார்கள். சிந்தசிஸ் கிரேக்கச் சொல். 'சின்' என்றால் சேர்த்து. 'தெசிஸ்' என்றால் வைத்தல். ஆக, சேர்த்து வைத்தல். தமிழில் இதற்கு ஒரே சொல் நிலைக்கவில்லை. செடி உணவு தயாரிப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ஒளிச்சேர்க்கை என்கிறது, இலங்கைப் பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. சிந்தெடிக் துணியோ செயற்கை இழை ஆகிவிட்டது.

ஒளித்தொகுப்பு வழியில் பேச்சுத் தொகுப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், தலைவர்களின் மேடைப் பேச்சுகளைத் திரட்டிப் போட்ட புத்தகமும் பேச்சுத் தொகுப்புதான். "இந்த ஆட்டத்தில் பேச்சுத் தொகுப்பு உண்டு" என்றால் பாதிப் பேர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

ஆனாலும் அந்தச் சொல்லை லேசில் தள்ளிவிட முடியாது. ஒலியை அப்படியே பதிவுசெய்தால் நொடிக்கு 8,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் என்று வைத்தாலும் ஒரு நொடிப் பேச்சுக்கே 8,000 பைட் ஆகிவிடும். அன்றைய கேட்ரிட்ஜில், அதாவது ஆட்டத்தைச் சுமந்து பெட்டியில் செருகும் பேழையில், மொத்த இடமே சில கிலோபைட்தான். அதனால் ஆட்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து, அந்தப் பேச்சைக் கூறுபோட்டார்கள். தொண்டை அதிர்கிறதா அல்லது காற்று மட்டும் சீறுகிறதா, சுருதி எவ்வளவு, வாய் எந்த வடிவில் இருக்கிறது என்ற எண்கள் மட்டுமே கேட்ரிட்ஜில் ஏறின. இன்டெலிவாய்ஸுக்குள் இருந்த ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தின் எஸ்பி0256 என்ற சில்லு (சிப்) அந்த எண்களைப் படித்து, உயிரொலிக்குத் துடிப்பையும் 'ஸ்', 'ஷ்' போன்றவற்றுக்கு இரைச்சலையும் கிளப்பி, ஒரு வடிகட்டி வழியே விட்டுப் பேச்சாக்கியது. முதலில் பகுப்பு, பிறகு தொகுப்பு. பகுப்பாய்வு என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் இந்த இணை அழகாகப் பொருந்துகிறது. தென்மாநில இழுவை சில்லுக்குள் வந்தது எப்படி என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். இழுத்துப் பேசியது மனிதர்தான். அவர் பேச்சின் எண்களைச் சில்லு திரும்ப ஒலியாக்கியது.

என் கட்சி இது: தொழில்நுட்பக் கட்டுரையில், பகுப்பு என்ற சொல் பக்கத்திலேயே நிற்கும்போது, பேச்சுத் தொகுப்பு இருக்கட்டும். பொதுவாசகருக்குப் பேச்சாக்கம் போதும். அதைச் செய்யும் கருவி பேச்சாக்கி. மின்னாக்கி இருக்கும்போது இதில் உறுத்தல் ஒன்றும் இல்லை. காதில் விழுவது செயற்கைப் பேச்சு. சிலர் செயற்கைக் குரல் என்கிறார்கள். குரல் என்பது ஒலியின் தன்மை. பேச்சு என்றால் அதில் சொல் இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் கேட்பது சொற்கள்.

அப்புறம் ஒன்று: இன்று செல்பேசி எந்த உரையைக் கொடுத்தாலும் வாசிப்பதும் பேச்சாக்கம்தான், ஆனால் வேறு வகை. இன்டெலிவாய்ஸால் கேட்ரிட்ஜிலும் சில்லிலும் முன்பே ஏற்றிய சொற்களைத் தாண்டி எதுவும் பேச முடியாது. அதே சில்லின் உடன்பிறப்பான எஸ்பி0256-ஏஎல்2 கொஞ்சம் தாராளம்: அதில் சொற்களுக்குப் பதில் 59 ஒலித்துண்டுகளும் 5 இடைவெளிகளும் இருந்தன. அவற்றைக் கோத்து விரும்பியதைப் பேசவைக்கலாம். எல்லாம் ஆங்கில ஒலிகள் என்பதால் ளகரம், ணகரம் போன்றவற்றைச் சொல்லவைக்க மட்டும் வழி கிடையாது.