பியானோ வேறு, கின்னரப்பெட்டி வேறு

மெய்ப்புப் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை இரண்டு நாளாக மேசைமேல் கிடக்கிறது. ஜெர்மானியப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமானின் வாழ்க்கை வரலாறு அது. முதல் வரியிலேயே ‘உலகப் புகழ்பெற்ற கின்னரப்பெட்டி மீட்டுநர்’ என்றிருக்கிறது. பியானோவைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி ஆண்டுவிழா மேடையிலும் இதே சொல்லைக் கேட்டேன். “அடுத்து, கின்னரப்பெட்டி இசை” என்று அறிவித்ததும், பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் திரும்பி, “ஆர்மோனியமா?” என்று கேட்டார். அவர்மேல் குற்றமே இல்லை.

பியானோ இத்தாலியச் சொல், பொருள், மெல்ல. சமதளம் என்று பொருள்படும் ‘பிளானுஸ்’ என்ற லத்தீன் சொல் அதன் வேர். ஃபிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி அரண்மனையில் இசைக்கருவிகளைக் கவனித்துவந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தொஃபோரி, 1700ஆம் ஆண்டை ஒட்டி ஒரு புதுக் கருவி செய்தார். மெல்லவும் வலுவாகவும் ஒலிப்பது என்று அதற்கு அடையாளம் சொன்னார்கள். அது பியானோஃபோர்த்தே ஆகி, பின்பாதி உதிர்ந்து பியானோ என்று நின்றுவிட்டது.

இனி கின்னரப்பெட்டிக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் வேதாகமம் வாசித்து வளர்ந்தவர்களுக்குக் கின்னரம் புதிய சொல் அன்று. ஆதியாகமம் நான்காம் அதிகாரம் யூபாலைக் கின்னரக்காரர், நாகசுரக்காரர் யாவருக்கும் தகப்பன் என்கிறது. கின்னரம் யாழினத்தைச் சேர்ந்தது; நரம்பைத் தெறித்து வாசிப்பது. பியானோவிலோ நரம்பைத் தெறிப்பதே கிடையாது.

இங்கே ஒரு வீட்டில் பழைய பியானோ ஒன்றைப் பழுதுபார்க்கத் திறந்திருந்தபோது அருகில் நின்று பார்த்தேன். கட்டையை விரலால் அழுத்தியதும், கம்பளி நமுதா சுற்றிய சின்ன மரச்சுத்தி ஒன்று பாய்ந்து கம்பியில் மோதியது; மோதிய மறுகணம் பின்வாங்கிக்கொண்டது. பின்வாங்கியதால்தான் கம்பி தடையின்றி அதிர்ந்தது. அதே கட்டையை மிக மெதுவாக அழுத்திப் பார்த்தேன். சுத்தி பாதி வழியில் நின்றுவிட்டது, ஓசையே எழவில்லை. எந்த வேகத்தில் விரல் இறங்குகிறதோ அந்த வேகத்தில் சுத்தி பாய்கிறது. மென்மையும் வலிமையும் அங்கிருந்து வருகின்றன. அந்தக் கருவியின் உயிர் அதுதான். பெயரிலேயே ‘மெல்ல’ என்று வைத்ததும் அதற்காகத்தான்.

பியானோவுக்கு முன்பு ஐரோப்பாவில் கோலோச்சியது ஹார்ப்சிகார்ட். அதில் கட்டையை அழுத்தினால் இறகின் தண்டில் செதுக்கிய ஒரு முள் எழுந்து கம்பியைத் தெறிக்கும். ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஓசையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கிறிஸ்தொஃபோரி முள்ளை எடுத்துவிட்டுச் சுத்தியை வைத்தார். அவர் எதை மாற்றினாரோ அதையே பெயராகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது கின்னரப்பெட்டி. இதை எப்படி ஒப்புக்கொள்வது?

‘மீட்டினார்’ என்பதும் இதே பிழையின் தம்பி. வீணையை மீட்டலாம், யாழை மீட்டலாம். சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட எந்தத் திருநெல்வேலிக்காரராவது வில்லை மீட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறாரா? வீசுகோலால் நாணை அடிக்கிறார்கள். அதனால் அது வில்லடிப்பாட்டு. பள்ளிக்கூடம் போகாதவர்கள் செயலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அகராதியைக் கையில் வைத்திருப்பவர்கள் கருவியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

‘பெட்டி’ இன்னொரு வம்பு. நம் ஊர் மேடையில் பெட்டி என்றால் ஆர்மோனியம், இல்லையென்றால் சுருதிப்பெட்டி. இரண்டும் காற்றால் ஒலிப்பவை. கின்னரம் தெறிப்பது, பெட்டி ஊதுவது; இரண்டையும் சேர்த்து, அடித்து ஒலிக்கும் கருவிக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். பெரியவர் ஆர்மோனியமா என்று கேட்டதில் என்ன வியப்பு?

அப்படியானால் தமிழ்ச் சொல் எது? பியானோ என்றே எழுதுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மேற்கிலிருந்து வந்த வயலினைக் கற்று எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். பிடில், வயலின் என்ற பெயர்களோடுதான் அது நம் கச்சேரி மேடையில் உட்கார்ந்தது. தமிழ் அதனால் தேய்ந்துவிடவில்லை. வகை சொல்ல வேண்டிய இடத்தில் ‘சுத்தி அடித்து ஒலிக்கும் நரம்புக்கருவி’ என்று விளக்கலாம். வாசிப்பவர் பியானோ கலைஞர். பியானோ வித்துவான் என்றால் எனக்கு இன்னும் பிடிக்கும். வினை, வாசித்தல். நாகசுரத்துக்கும் மிருதங்கத்துக்கும் போதுமான வினை இதற்கும் போதும்.

கட்டுரையில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ‘ரெசைட்டல்’ வந்த இடமெல்லாம் ‘ஒப்பித்தல்’. 1840இல் லண்டனில் ஃபிரான்ஸ் லிஸ்ட் தம் கச்சேரியை அந்தச் சொல்லால் விளம்பரம் செய்தபோது அங்குள்ளவர்களுக்கே அது விந்தையாகத்தான் இருந்தது. நமக்குத் தனிக் கச்சேரி என்ற நல்ல சொல் கைவசம் இருக்கிறது. ஒன்பது வயதில், 1828இல், லைப்சிக் நகரத்தில் மேடையேறியவர் கிளாரா. கணவர் ராபர்ட் ஷூமான் 1856இல் இறந்தபின் பிள்ளைகளைக் காப்பாற்ற ஊர் ஊராகப் போய் வாசித்தார். 1891 வரை மேடையை விடவில்லை. அறுபது ஆண்டுக்கு மேல் உழைத்த அந்தக் கைகளைப் பற்றி, ‘பல நாடுகளில் ஒப்பித்தார்’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

நேற்று இரவு சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். கின்னரப்பெட்டியை ஒவ்வோர் இடமாக அடித்துப் பியானோ என்று எழுதினேன். ஓர் இடத்தில் மட்டும், கிளாரா பாஹின் படைப்புகளை வாசித்ததைச் சொல்லும் பத்தியில், பாஹ் காலத்து ஹார்ப்சிகார்ட் பற்றி ஒரு வரி வந்தது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பிறைக்குறி போட்டு, உள்ளே ‘கின்னரப்பெட்டி’ என்று எழுதிவைத்தேன்.