லாக்டேட் கதவ அடைச்சா கேன்சர் கட்டி என்னா பண்ணும்?

ஹட்டன் பக்கம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, "அண்ணே, லாக்டேட்ட தடுத்தா கேன்சர் சாகுமாமே, அப்ப தயிர் சாப்பிடக் கூடாதா?" தாராளமா சாப்பிடும்மா, கட்டி லாக்டேட்டுக்கு ஒன் தயிர நம்பி இல்ல, குளுக்கோச ஒடச்சு அதுவே செஞ்சுக்கும். சீனிய நிறுத்துனா கட்டி பட்டினில செத்துரும்ங்குறதும் இப்படித்தான், நீ நிறுத்துனாலும் ஈரல் குளுக்கோச செஞ்சு ரத்தத்துல விட்டுக்கிட்டேதான் இருக்கும்.

ஓ எல் பரீட்சைக்கு படிச்சதுதான். ஒட்சிசன் பத்தலன்னா கலம் குளுக்கோச அரைகுறையா ஒடச்சு கலத்தோட சக்திக் காசான ஏடிபி 2 எடுத்துக்கிட்டு லாக்டேட்ட மிச்சம் விடும், ஒட்சிசன் இருந்தா இழைமணில (மைட்டோகாண்ட்ரியா) போட்டு 30 கிட்ட எடுக்கும். தேயிலைக் கொழுந்து மூட்டையோட மேடு ஏறுறப்ப தொடையிலயும் இதுதான்.

இந்த லாக்டேட் மைனஸ் மின்னேத்தம் உள்ளது, கொழுப்பால ஆன கலமென்சவ்வ தானா தாண்டாது. அதுக்குன்னு சவ்வுல எம்சிடினு புரதக் கதவு இருக்கு, அதுல எம்சிடி1, எம்சிடி4னு வகை உண்டு. அந்தக் கதவுல மொதல்ல ஒரு புரோத்தன் (ப்ளஸ் மின்னேத்தம் உள்ள ஐதரசன்) ஏறணும், பொறகுதான் லாக்டேட் ஏறும், ரெண்டும் ஜோடியாத்தான் போகும். எந்தப் பக்கம் கூட இருக்கோ அங்கருந்து மத்தப் பக்கம், அவ்வளவுதான் கணக்கு.

எனக்குப் புடிச்ச எடம் இனிமேத்தான். கட்டிக்குள்ள ரத்தக்குழாய் ஓரத்துல இருக்குற கலத்துக்கு ஒட்சிசன் தாராளம், உள்ளுக்கு தள்ளி இருக்குறதுக்கு கெடைக்காது, நம்ம தோட்டத்துல ரோட்டோர லயமும் (வரிசை வீடும்) மலை உச்சி லயமும் மாதிரி. உச்சில உள்ளது குளுக்கோச ஒடச்சு லாக்டேட்ட எம்சிடி4 வழியா வெளிய தள்ளுது, ரோட்டோரத்துல உள்ளது அத எம்சிடி1 வழியா உள்ள எடுத்து எரிச்சுக்கிட்டு, குளுக்கோச தொடாம மேல விட்டுக் குடுக்குது! எம்சிடி1அ அடைச்சா ரோட்டோரக்காரன் வேற வழியில்லாம குளுக்கோச தின்னுருவான், உச்சில இருக்குறவன் பட்டினி. ரேடியேஷனுக்கு அசையாதது அந்த உச்சிக் கலங்கதான், அதனாலதான் 2008ல எலில இத காட்டுனப்ப அவ்வளவு பேரு நிமிந்து பாத்தாங்க.

ஏஇசட்டி3965னு எம்சிடி1அ அடைக்கிற மருந்த பிரிட்டன்ல ஆளுங்களுக்கு குடுத்து மொதக் கட்ட சோதனை பண்ணாங்க. டோஸ் கூடக் கூட விழித்திரைல மாற்றம் தெரிஞ்சுச்சு, கண்ணுக்கும் இதே கதவு வேணுமே. எம்சிடி4 நெறைய உள்ள கட்டி அது வழியா தப்பிச்சுக்கவும் செய்யும்.

ரெண்டையும் அடைக்கிறது சைரோசிங்கோபைன், பழைய பிரஷர் மருந்து. சீனி வியாதி மருந்து மெட்ஃபோர்மினோட சேத்தா கேன்சர் கலம் சாகுறத 2018ல லேப்ல காட்டிட்டாங்க. ஆனா பழைய மருந்துல லாபம் இல்ல, கம்பெனிக்காரன் காச எறக்க மாட்டான், அரசாங்கப் பணம்தான் வரணும்ங்குறது என் எண்ணம். ஒன்னு, அது சர்ப்பகந்தி வேர்ல உள்ள ரிசர்பைன்ல இருந்து செஞ்சதுங்குறதுக்காக வேர அரைச்சு குடிச்சுறாதீங்க, ரிசர்பைன் பிரஷர எறக்கிரும், மனச சோர்வுல தள்ளவும் கூடும், கட்டி கட்டியாவே இருக்கும்.