நான்கு புளியங்கொட்டை கொடு

பத்து வரை தடுமாறாமல் ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைப் பரப்பிவிட்டு, "எனக்கு நான்கு கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளித் தந்துவிடும். "இது நான்குதானா? எண்ணிப் பார்" என்றால், ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை அழகாக எண்ணும். எண்ணி முடித்ததும் "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கிவிடும்!

இதில் குழந்தையின் பிழை எதுவும் இல்லை. அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்பது இன்னும் ஒரு பாட்டுதான். கடைசியாகச் சொன்ன சொல் அந்தக் குவியல் முழுவதற்குமான விடை என்பது பிறகுதான் பிடிபடும். எண்ணுவதற்குள் மறைந்திருக்கும் விதிகளை உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் கேலிஸ்டலும் 1978இல் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் வரிசை மாறக்கூடாது, கடைசிச் சொல்லே மொத்தம் என்று அந்த விதிகள் போகின்றன. மூன்றாவதுதான் பெரிய கண்டம். கேரன் வின் 1990இல் "இத்தனை கொடு" சோதனையைக் கொண்டு பார்த்தபோது, குழந்தைகள் அதை ஒரே தாவலில் கடப்பதில்லை என்று தெரிந்தது. முதலில் 'ஒன்று' மட்டும் புரிகிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று'. அதன்பின், பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டி, எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணி எடுத்துத் தரும் நிலை வந்துவிடுகிறது.

இந்த இடத்துக்கு வராத குழந்தையிடம் 3 + 2 = 5 என்று சிலேட்டில் எழுதிக் காட்டுவதில் பயனில்லை. குழந்தை அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும், நாமும் மகிழ்ந்துபோவோம்.

வந்துவிட்ட குழந்தை எப்படிக் கூட்டுகிறது? முதல் முறை மிக நேர்மையானது. மூன்று கொட்டைகளை எண்ணி வைக்கும், இரண்டை எண்ணி வைக்கும், இரண்டு குவியலையும் சேர்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணும். அடுத்த முறையில் மூன்றைத் திரும்ப எண்ணுவதில்லை. "மூன்று" என்று நிறுத்தி, "நான்கு, ஐந்து" என்று தொடர்கிறது. அதற்கும் அடுத்தது கொஞ்சம் தந்திரமானது. இரண்டும் ஆறும் எத்தனை என்று கேட்டால், சொன்ன வரிசையைப் புரட்டிப்போட்டு ஆறிலிருந்து தொடங்கி "ஏழு, எட்டு" என்று முடித்துவிடும்.

இந்தக் கடைசித் தந்திரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் வியப்பு. க்ரோனும் ரெஸ்னிக்கும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு முதல் முறையை மட்டும் கற்றுக்கொடுத்து, வாரக்கணக்கில் கணக்குகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பெரிய எண்ணிலிருந்து தொடங்கும் வழியைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். ராபர்ட் சீக்லரும் எரிக் ஜென்கின்ஸும் 1989இல் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகளை 11 வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். திணறிப்போன குழந்தைதான் புது வழி தேடும் என்று நாம் நினைப்போம். அங்கே நடந்தது வேறு. எளிய கணக்குகளைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே புது வழி தோன்றியது. தோன்றிய பிறகும் குழந்தைகள் பழைய வழியை விடவில்லை. 22 + 3 போன்ற கணக்கு வந்தபோதுதான், புது வழியை ஏற்கெனவே கண்டிருந்தவர்கள் அதை அடிக்கடி கையாளத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு விரல்களுக்கு எங்கே போவது?

மூன்றிலிருந்து தொடர்வது நமக்கு அற்பமாகத் தெரியலாம். குழந்தை அங்கே ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. வாய் "நான்கு, ஐந்து" என்று போகிறது. மனம் "ஒன்று, இரண்டு" என்று, எத்தனை கூட்டியாயிற்று என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது கணக்கைத்தான் விரல்கள் தாங்குகின்றன. விரல் விட்டு எண்ணும் குழந்தையைக் கடிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நாள் கணக்குப் பார்த்த பாட்டிகள் வாழ்ந்த வீடுகள்தானே இவை?

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நிகழும் தவறு ஒன்று உண்டு. மூன்றையே முதல் எண்ணாக வைத்து "மூன்று, நான்கு" என்று முடித்து, விடை நான்கு என்பார்கள். திருத்துவதற்கு ஒரு கொட்டாங்குச்சி போதும். மூன்று கொட்டைகளை எண்ணியபின் அதைக் கவிழ்த்து மூடிவிட்டு, பக்கத்தில் இரண்டை வையுங்கள். உள்ளே இருப்பது மூன்று என்று தெரியும், ஆனால் தொட்டு எண்ண முடியாது. எனவே குழந்தை மூன்று என்று வைத்துக்கொண்டு, வெளியே இருப்பவற்றைத்தான் தொடர்ந்து எண்ணியாக வேண்டும். மார்ட்டின் ஹியூஸ் 1980களில் பிரிட்டனில் பெட்டிக்குள் கட்டைகளைப் போட்டு மூடி இப்படித்தான் சோதித்தார். பெட்டியில் இரண்டு இருக்க இன்னொன்றைப் போட்டால் எத்தனை என்பதற்குப் பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள். எந்தப் பொருளையும் காட்டாமல் "இரண்டும் ஒன்றும் எத்தனை?" என்று கேட்டபோது அதே வயதுக் குழந்தைகள் திணறினார்கள்.

கேள்வியின் சொற்களுக்கு எவ்வளவு வலு என்பதற்கு ஹட்சன் 1983இல் செய்த சோதனையே போதும். படத்தில் ஐந்து பறவைகள், நான்கு புழுக்கள். "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று கேட்டபோது நான்கு வயதை ஒட்டிய குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். "எல்லாப் பறவைகளும் பறந்து வந்து ஆளுக்கொரு புழுவைப் பிடித்தால், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்றபோது 83 பேர் சொல்லிவிட்டார்கள். அதே படம்தான், கணக்கும் அதேதான். 'அதிகம்' என்ற சொல் ஒப்பிடச் சொல்கிறது. 'கிடைக்காது' என்பதில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதைக் குழந்தையால் மனத்துக்குள் நடத்திப் பார்க்க முடிகிறது. மூன்று தட்டு, தட்டுக்கு இரண்டு இட்லி, மொத்தம் எத்தனை இட்லி என்று கேட்டால், பெருக்கல் என்ற சொல்லையே கேட்டிராத ஐந்து வயதுக் குழந்தை கொட்டைகளை இட்லியாக்கிப் பரிமாறி விடை சொல்வதும் இதனால்தான்.

விளையாட்டுக்கு வருவோம். கீதா ரமணியும் சீக்லரும் 2008இல், ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் கட்டம் போட்ட பலகை விளையாட்டை, வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகளோடு நான்கு முறை, சுமார் 15 நிமிடம் வீதம் ஆடினார்கள். எண்ணறிவில் ஏற்பட்ட முன்னேற்றம் ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டிய பலகையில் ஆடியவர்களிடம் அது இல்லை. நம் வீட்டுப் பரமபதம் இதற்குத் தோதானதுதான், ஆனால் ஆடும் முறையில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். ஐந்தில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால் எல்லாரும் "ஒன்று, இரண்டு" என்றுதான் நகர்த்துகிறோம். கட்டத்தில் உள்ளபடி "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். லாஸ்கியும் சீக்லரும் 2014இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, இப்படித் தொடர்ந்து சொன்ன குழந்தைகளே அதிகம் கற்றிருந்தார்கள்.

விளையாட்டு மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து, டெல்லியில் 1,500க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அளவை ஒப்பிடுவது, வடிவத்தைப் பிரித்தறிவது போன்ற விளையாட்டுகளால் கண்ணால் அளவிடும் திறன் கூர்மையானது, ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. பள்ளிக் கணக்கில் அது பலன் தரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த அளவை எண்ணின் பெயரோடும் எழுத்தோடும் யாராவது கட்டிவிட வேண்டியிருக்கிறது.

அதற்கும் கொட்டாங்குச்சிதான். மூடியபின் அதன் முதுகில் சாக்பீஸால் 3 என்று எழுதுங்கள். சில நாட்கள் கழித்து, உள்ளே எதையும் வைக்காமல் வெறும் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, 3 என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கொட்டைகளை வைத்துக் கேளுங்கள். சில குழந்தைகள் எழுத்தைப் பார்த்தே "நான்கு, ஐந்து" என்று போய்விடும். சில குழந்தைகள் தூக்கிப் பார்க்கும். தூக்கிப் பார்த்தால், இன்னும் கொஞ்ச நாள் கொட்டைகள் உள்ளேயே இருக்கட்டும்.