"போடவும் முடியல, உள்ள வைக்கவும் முடியல": பிடித்த வீரர் கிளப்பை விட்டுப் போகும்போது

2021 ஆகஸ்ட். பள்ளிகள் இன்னும் திறக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன.

"நாலு நாளா சரியா சாப்பிடல மேடம். ஆன்லைன் கிளாஸ்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டுப் படுத்துக்கிறான். என்னடான்னு கேட்டா மெஸ்ஸி போயிட்டாராம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் டீம் மாறினதுக்கு எம்புள்ள எதுக்கு மேடம் அழணும்?"

அவர் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. அந்த வருடம் எல்லா வீட்டிலும் பயம் குடியிருந்தது.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே நீலமும் சிவப்புமாகப் பட்டை போட்ட பார்சிலோனா ஜெர்சி. பிளாட்பாரக் கடையில் பேரம் பேசி வாங்கியது. துவைத்துத் துவைத்து முதுகில் இருந்த 10 ஓரத்தில் உரிந்திருந்தது. உரிந்த இடத்தை ஃபெவிகால் வைத்து ஒட்டியிருந்தான்.

"இத என்ன பண்றதுன்னே தெரியல மேம். போடவும் முடியல, உள்ள வைக்கவும் முடியல."

ஆலோசகராக இத்தனை வருடத்தில் துக்கத்தைப் பற்றி நிறையப் பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அதை இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர்கள் குறைவு. (இந்தக் கட்டுரையில் வரும் இருவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த வாரம் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. மெஸ்ஸி பார்சிலோனாவோடு புது ஒப்பந்தம் போடப்போகிறார் என்றுதான் உலகமே காத்திருந்தது. நம் ஊர் நேரத்துக்கு இரவில், அவர் கிளப்பில் தொடரப்போவதில்லை என்ற அறிவிப்பு வந்தது. ஸ்பானிய லீக்கின் நிதி விதிகளுக்குள் அவர் சம்பளத்தை அடக்க முடியவில்லை என்பது கிளப் சொன்ன காரணம். ஞாயிற்றுக்கிழமை செய்தியாளர் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசும் முன்பே அவர் அழுதார், மனைவி எழுந்து போய்க் கைக்குட்டைத் தாள் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பாரிஸ் அணியில் சேர்ந்துவிட்டார். 13 வயதில் அந்த கிளப்புக்கு வந்தவர், 778 ஆட்டம், 672 கோல், எல்லாம் ஆறே நாளில் முடிந்தது.

என் முன்னால் உட்கார்ந்திருந்தவன் 2005-ல் பிறந்தவன். மெஸ்ஸி முதல் அணிக்காக லீக்கில் இறங்கியது 2004 அக்டோபரில். அதாவது மெஸ்ஸி இல்லாத பார்சிலோனா என்று ஒன்றை அவன் பார்த்ததே கிடையாது. அண்ணனோடு போர்வைக்குள் ஒளிந்துகொண்டு, செல்போன் சத்தத்தைக் குறைத்து வைத்து, நள்ளிரவு ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். ஊரடங்கில் பள்ளி போனது, மைதானம் போனது, நண்பர்கள் போனார்கள். மிஞ்சியது அந்த ஆட்டம் ஒன்றுதான். "யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர்" என்று அம்மா சொன்னது அவர் பக்கம் நியாயம். பையன் இழந்தது அந்த ஒரு மனிதரை மட்டும் இல்லை, அது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

தொலைக்காட்சி பரவத் தொடங்கிய 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரி ஒருதலை உறவைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரையில் தெரிபவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் வாரா வாரம் அவர் முகத்தையும் நடையையும் பார்க்கும் மனம் அவரை வீட்டு ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இது நோய் இல்லை. மனிதரோடு ஒட்டிக்கொள்ளத் தெரிந்த மனம் செய்கிற இயல்பான வேலை.

கிளப் என்பது இன்னும் ஆழமானது. 1976-ல் சியால்டினி என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரிகளில் ஒன்றைக் கவனித்தார். கல்லூரி அணி ஜெயித்த வாரம், திங்கட்கிழமை வகுப்புக்குக் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வருகிற மாணவர்கள் அதிகம். ஜெயித்ததைச் சொல்லும்போது "நாம ஜெயிச்சோம்" என்பார்கள். தோற்றால் அந்த "நாம" குறைந்துவிடும். நம் தெரு டீக்கடையில் நின்று கேட்டாலும் இதே இலக்கணம்தான். அந்த "நாம" என்ற சொல்லுக்குள்ளே இருந்த ஒருவர் எழுந்து எதிர்வீட்டுக்குப் போகும்போது, மீதி இருப்பவர்கள் தங்களையே கொஞ்சம் இழந்ததுபோல உணர்கிறார்கள்.

இந்த வலிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடுகிறோம், நாலு பேர் துக்கம் விசாரிக்க வருகிறார்கள், வாய்விட்டு அழ இடம் இருக்கிறது, பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் மெல்ல அடுப்பு எரியத் தொடங்குகிறது. பிடித்த வீரர் போனதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. "இதுக்கெல்லாமா?" என்ற சிரிப்புதான் வருகிறது. கென்னத் டோகா என்ற அறிஞர் இந்த வகையை அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று தனியாகவே பிரித்துப் பேசினார். போதாக்குறைக்கு, போனவர் எங்கும் போய்விடவில்லை. அடுத்த சனிக்கிழமை வேறு சட்டையில் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்.

அழ இடம் கொடுக்காத துக்கம் கோபமாகத்தான் வெளியே வரும். பெற்றோரும் ரசிகர்களும் நான் சொல்வதில் வேறெதை மறந்தாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம், 1990 மே. அந்த ஊர் ஃபியோரென்டினா அணியின் செல்லப்பிள்ளை ராபர்ட்டோ பாஜ்ஜோ. அவரை யுவென்டஸுக்கு விற்றுவிட்டார்கள், அன்றைய உலகச் சாதனை விலைக்கு. அந்த மாதம்தான் ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதியில் யுவென்டஸ் இவர்களைத் தோற்கடித்திருந்தது. கோப்பையையும் கொண்டுபோய், பிள்ளையையும் கொண்டுபோனால் ஊர் என்ன செய்யும்? தெருவில் கலவரம். சுமார் 50 பேர் காயம்பட்டார்கள். பாஜ்ஜோ தானாகக் கேட்டுப் போனவர் இல்லை, கிளப் நிர்வாகம் விற்ற விற்பனை அது.

1991 ஏப்ரல் 7-ல் அவர் யுவென்டஸ் சட்டையில் ஃபுளோரன்ஸுக்குத் திரும்பி வந்தார். யுவென்டஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அடிக்கிறவர் அவர்தான். அன்று அடிக்க மறுத்தார். வேறொருவர் அடித்து, கோல்கீப்பர் தடுத்து, ஆட்டம் 1-0 என்று ஃபியோரென்டினா பக்கம் முடிந்தது. மாற்று வீரருக்கு இடம் கொடுத்து வெளியே நடந்தபோது, கூட்டத்திலிருந்து யாரோ ஒரு ஊதா நிறத் துண்டை வீசினார்கள். பழைய கிளப்பின் துண்டு. குனிந்து அதை எடுத்துக்கொண்டார். போனவருக்கும் இழப்பு உண்டு என்பதற்கு இதைவிடக் கண்முன் தெரிகிற சாட்சியை நான் பார்த்ததில்லை. என் அறைக்கு வருகிற கால்பந்து ரசிகர்களிடம் இந்தக் காட்சியைத் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது என்பதும் உண்மை. 2000-ல் பார்சிலோனாவை விட்டு நேர் எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போன லூயிஸ் ஃபீகோ, 2002 நவம்பரில் அந்த மைதானத்தில் கார்னர் அடிக்கப் போனபோது பாட்டில்கள் பறந்தன, ஒரு பன்றித் தலையும் வந்து விழுந்தது. ஆட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் கெட்டவர்களா? இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் பெயரைச் சொல்லிப் பாடியவர்கள். ஆனால் அன்று அவர்கள் செய்தது ஒரு மனிதருக்கு ஆபத்து. துக்கம் நிஜம் என்பதால் அது செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

இன்றைக்கு மைதானத்துக்குப் போகவே வேண்டாம். கையில் போன் இருக்கிறது.

2025 மே மாதம் வந்த இன்னொருவரைச் சொல்கிறேன். முப்பதுகளின் நடுவில் இருப்பவர், மென்பொருள் வேலை, பதினைந்து வருடமாக இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு ரசிகர். மனைவிதான் வற்புறுத்தி அனுப்பினார். டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு மே 5 அன்று கிளப்பை விட்டுப் போவதாக அறிவித்திருந்தார். லிவர்பூலிலேயே பிறந்தவர், ஆறு வயதில் அந்த கிளப்பின் இளையோர் அகாடமிக்குப் போனவர், 20 வருடம் அங்கேயே இருந்தவர். 2019-ல் பார்சிலோனாவுக்கு எதிராக, எதிரணி அசந்திருந்த நொடியில் சட்டென்று ஒரு கார்னர் அடித்து நாலாவது கோலுக்கு வழி செய்தாரே, அவர்தான். ஒப்பந்தம் முடியும் நேரத்தில், கிளப்புக்குப் பெரிய டிரான்ஸ்பர் தொகை எதுவும் கிடைக்காமல், ரியல் மாட்ரிட்டுக்குப் புறப்பட்டார். மே 11, ஆர்சனலோடு ஆட்டம். மாற்று வீரராக அவர் உள்ளே வந்தபோது சொந்த மைதானமே கூச்சலிட்டது.

என்னிடம் வந்தவர் அன்று இரவு மூன்று மணிவரை உட்கார்ந்து, அந்த வீரருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் வசை எழுதியிருக்கிறார். மறுநாள் காலையில் மனைவி அதைப் பார்த்துவிட்டார்.

"நான் அப்படிப்பட்ட ஆளே கிடையாது மேடம். அம்மாவ இழுத்து எழுதியிருக்கேன். எனக்கே படிக்க முடியல."

"எதுக்கு அவ்வளவு கோபம்?"

"போனது கூட பரவால்ல. கடைசி வரைக்கும் வாயத் திறக்கலயே. நம்ம ஊர்ப் பையன், நம்மகிட்ட சொல்ல வேணாமா?"

"நம்ம ஊர்" என்றார். அதற்குள் போகலாம் என்று தோன்றியது. நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன். தூத்துக்குடி. எப்போது சென்னைக்கு வந்தீர்கள்? 2012-ல், நல்ல கம்பெனியில் வேலை கிடைத்து. கடையை மகன் பார்த்துக்கொள்வான் என்று அப்பா நினைத்திருந்தாராம். வீட்டில் எப்போது சொன்னீர்கள்?

வெகுநேரம் பேசவில்லை. "ஆஃபர் லெட்டர் வந்து ரெண்டு மாசம் கழிச்சு. டிக்கெட் போட்டப்புறம்."

நான் மேற்கொண்டு எதையும் விளக்கவில்லை. அந்தச் சந்திப்பின் மீதி நேரம் முழுக்க அவர் அப்பாவைப் பற்றித்தான் பேசினார். எல்லோருக்கும் இப்படி ஒரு பின்கதை இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு டிரான்ஸ்பர் செய்திக்குப் பொருந்தாத அளவு கோபம் வந்தால், அது வேறெங்கோ ஊறிய தண்ணீராக இருக்கலாம். அதை ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ரசிகர்களுக்கு என் வேண்டுகோள் எளிது. செய்தி வந்த இரவில் எதையும் எழுதாதீர்கள், எரிக்காதீர்கள், விற்காதீர்கள். அந்த இரவு முடிவெடுக்கும் இரவு இல்லை. கூடப் பார்க்கும் நண்பனுக்குப் போன் போட்டு, அந்த வீரரின் எந்த ஆட்டம் உங்களுக்கு மறக்காது என்று பேசுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்காமல் போன துக்க விசாரிப்பு. கோபம் இருந்தால் முடிவின் மேல் இருக்கட்டும். "கிளப்பின் இந்த முடிவு தப்பு" என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர் பிள்ளை படத்துக்குக் கீழே போய் எழுத யாருக்கும் உரிமை கிடையாது. கால்பந்து வீரர் ஓடக்கூடிய வருடங்கள் கொஞ்சம்தான். ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய கிளப்புக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றமே 1995-ல் பாஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பெற்றோர்களே, சிரிக்காதீர்கள். "படிப்புல இந்த அக்கறை இருக்கா?" என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். "அவர்கிட்ட உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பிள்ளைகள் தேறிவிடுவார்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தால், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், வேறு எதிலும் மனம் ஒட்டாவிட்டால் மனநல நிபுணரிடம் கூட்டிப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே உதவி தேடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் அரசு நடத்துவது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணுக்குப் பேச காரணம் பெரியதாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தப் பையன் நான்கு முறை வந்தான். ஜெர்சியை என்ன செய்வது என்று கடைசிவரை நான் சொல்லவில்லை. அவனாகவே துவைத்து, இஸ்திரி போட்டு, அண்ணனின் பழைய சட்டைகளோடு வைத்தான்.

லிவர்பூல் ரசிகர் தன் வசைகளை எல்லாம் அழித்தார், அடுத்த மாதம் ஊருக்குப் போய்வந்தார். 2025 நவம்பரில் ரியல் மாட்ரிட் அணி லிவர்பூலுக்கு ஆட வந்தது. நம் ஊர் நேரத்துக்கு அதிகாலை ஒன்றரை மணி. 81-வது நிமிடத்தில் டிரென்ட் உள்ளே இறங்கினார், மைதானம் மறுபடியும் கூச்சலிட்டது. காலையில் எழுந்தபோது என் போனில் அந்த ரசிகரின் செய்தி இருந்தது: "நான் கத்தல மேடம். கை தட்டவும் மனசு வரல. ஆனா கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன்."