கலிபோர்னியாவில் வீட்டுப் பத்திரப் பதிவு: கவுன்டி அலுவலகம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

ஊரில் கிரயம் என்றால் சார்பதிவாளர் முன்னால் விற்பவரும் வாங்குபவரும் சாட்சிகளோடு போய் நிற்க வேண்டும். போட்டோ எடுப்பார்கள், விரல் ரேகை வாங்குவார்கள். கலிபோர்னியாவில் முதல் வீடு வாங்கும் தமிழர்கள் பலர் அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நாள் வராது. விற்பவர் நோட்டரி முன்னால் கிராண்ட் டீடில், அதாவது கிரயப் பத்திரத்தில், கையெழுத்துப் போடுவார். வாங்குபவர் அதில் கையெழுத்தே போடுவதில்லை. அவர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுவது வீட்டுக் கடனுக்கான அடமானப் பத்திரத்தில், அதாவது டீட் ஆஃப் டிரஸ்டில். இரண்டையும், சொத்தின் உரிமையைத் தேடிப் பார்க்கும் டைட்டில் கம்பெனி, கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் அலுவலகத்துக்கு, அதாவது பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும். பதிவாகிவிட்டது என்று போன் வரும். அவ்வளவுதான்.

மாநிலத்தில் 58 கவுன்டிகள் இருக்கின்றன. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, சொத்து எங்கே இருக்கிறதோ அந்தக் கவுன்டியில்தான் பதிய வேண்டும். ஃப்ரீமான்ட்டில் குடியிருந்து ட்ரேசியில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கினால், அதன் பத்திரம் அலமீடா கவுன்டிக்குப் போகாது, சான் வாக்கீன் கவுன்டிக்குப் போகும்.

நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ரெக்கார்டர் அலுவலகம் பத்திரத்தின் வடிவத்தைத்தான் பார்க்கும். நோட்டரி சான்று இருக்கிறதா, முதல் பக்கத்தின் மேலே வலப்புறம் முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறதா, திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி இருக்கிறதா, கட்டணம் சரியா, இவைதான் அவர்கள் வேலை. விற்றவருக்கு அந்த வீடு சொந்தமா என்று தோண்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் வாங்கும்போது டைட்டில் கம்பெனி பழைய பதிவுகளையெல்லாம் தேடி, காப்பீடும் தருகிறது. நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதற்கு நிகரான வேலை அது.

சரி, அலுவலகம் உண்மையைச் சரிபார்க்காது என்றால் எதற்குப் பதிய வேண்டும்? பதியாத பத்திரமும் எழுதிக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் செல்லும். ஆனால் அதே ஆள் அதே வீட்டை இன்னொருவருக்கும் விற்று, அந்த இரண்டாமவர் உங்கள் பத்திரம் இருப்பதே தெரியாமல் பணம் கொடுத்து, உங்களுக்கு முன்னால் பதிந்துவிட்டால், சட்டம் அவர் பக்கம் நிற்கும். ஆகவே தெரிந்தவர், உறவினர் என்று டைட்டில் கம்பெனி இல்லாமல் நேரடியாகக் கைமாற்றுகிறவர்கள் பத்திரத்தை பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. கையெழுத்தான உடனே பதியுங்கள். நேரில் போக வேண்டியதில்லை, தபாலில் அனுப்பலாம்.

செலவு விஷயத்துக்கு வருவோம். கவுன்டியின் சொத்து மாற்று வரி 1,000 டாலருக்கு 1 டாலர் 10 சென்ட். 10 லட்சம் டாலர் வீட்டுக்கு 1,100 டாலர். சான் ஹோசே, ஓக்லாந்து போன்ற நகரங்கள் இதற்கு மேல் தனியாக வரி போடுகின்றன. பக்கங்களுக்கான பதிவுக் கட்டணம் தவிர, 2018 முதல் வீட்டு வசதிக்கென்று பத்திரத்துக்கு 75 டாலர் வசூலிக்கிறார்கள். சொத்து மாற்று வரி கட்டும் விற்பனைக்கும், சொந்தமாகக் குடியிருப்பவர் பெயருக்கு மாறும் வீட்டுக்கும் இந்த 75 டாலர் கிடையாது. ஆனால் விலக்குக்கான காரணத்தைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் கட்டணத்தைக் கேட்பார்கள். கூடவே உரிமை மாற்றத்துக்கான முன்னறிக்கைப் படிவத்தையும் நிரப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் 20 டாலர் கூடுதல்.

அந்தப் படிவத்தைச் சும்மா நிரப்பித் தள்ளாதீர்கள். 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13ஆம் முன்மொழிவு என்ற சட்டத்தின்படி, பொதுவாக வீடு கைமாறும்போதுதான் சொத்து வரிக்கான மதிப்பு சந்தை விலைக்கு உயரும். மற்ற ஆண்டுகளில் அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். மனைவி பெயரைச் சேர்ப்பது, உங்கள் சொத்துக்காக நீங்களே ஏற்படுத்திய சொந்த டிரஸ்ட்டுக்கு மாற்றுவது, இவை மறுமதிப்பீட்டில் வராது. அது படிவத்தில் சரியாகக் குறித்திருந்தால்தான் மதிப்பீட்டு அலுவலகத்துக்குத் தெரியும்.

மனைவி பெயரைச் சேர்க்கப் பலரும் குவிட்க்ளெய்ம் டீட் எழுதுகிறார்கள். ஏறக்குறைய நம் விடுதலைப் பத்திரம் மாதிரி: எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அது இனி உன்னுடையது என்று மட்டும் சொல்கிறது, வேறு உத்தரவாதம் எதுவும் தராது. கிராண்ட் டீட், இதற்கு முன் வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்ற உறுதியையும் சேர்த்தே தருகிறது. எனக்குக் கேட்டால் கிராண்ட் டீடே மேல் என்பேன்.

அப்புறம் நம் பெயர்கள். ரெக்கார்டரின் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களை வைத்துத்தான் ஓடுகிறது. வாங்கும்போது இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகி, பிறகு குடியுரிமை வாங்கும்போது பெயரைச் சுருக்கியிருந்தால், விற்கும் பத்திரத்தில் இரண்டு பெயர்களும் வர வேண்டும்: இன்ன பெயரில் சொத்தை அடைந்த இன்னார் என்று. இதை விட்டுவிட்டால் அடுத்துத் தேடுகிறவருக்குச் சங்கிலி அறுந்துபோன மாதிரி தெரியும்.

கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருந்தால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கிக் கையெழுத்திடலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். இல்லையென்றால் அங்குள்ள நோட்டரி முன் போட்டு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்று, வாங்க வேண்டும். வெறும் நோட்டரி முத்திரை மட்டும் போதாது.

பதிவான சில வாரங்களில் அரசு முத்திரை மாதிரியே அச்சிட்ட கடிதங்கள் வரும், பத்திர நகல் வேண்டுமானால் இவ்வளவு பணம் அனுப்புங்கள் என்று. அனுப்பாதீர்கள். மூலப் பத்திரம் தபாலில் தானாக வந்துவிடும், நகலைக் கவுன்டியே சில டாலருக்குத் தரும். போலிப் பத்திரம் பதிவானாலும் சட்டப்படி செல்லாது என்பது உண்மைதான். ஆனால் அதை நீக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். உங்கள் பெயரில் ஏதாவது பதிவானால் தகவல் சொல்லும் இலவச வசதி பல கவுன்டிகளில் இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கடைசித் தவணை கட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி. கடன் தீர்ந்ததும் வங்கி 30 நாளுக்குள் காகிதங்களை, அடமானப் பத்திரத்தில் மூன்றாம் ஆளாக இருக்கும் டிரஸ்டியிடம் கொடுக்க வேண்டும், டிரஸ்டி அடுத்த 21 நாளுக்குள் அடமான விடுவிப்பைப் பதிய வேண்டும். இரண்டு மாதம் கழித்து ரெக்கார்டர் அலுவலகத்தில் உங்கள் பெயரைத் தேடி, அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் வங்கிக்கு எழுத்து மூலம் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.